குண்டு விழும் நேரத்தைக் கொண்டு பாகுநிலையை அளப்பது எப்படி?

ஓடும் திரவத்தின் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று நழுவும்போது அவற்றுக்கிடையே எழும் உராய்வே பாகுநிலை. இதை அடர்த்தியோடு குழப்பிக்கொள்வோர் பலர். தண்ணீரைவிட 13.6 மடங்கு அடர்ந்த பாதரசம் ஏறக்குறையத் தண்ணீரைப் போலவே தடையின்றி ஓடுகிறது. தண்ணீரில் மிதக்கும் விளக்கெண்ணெயின் பாகுநிலையோ தண்ணீரினுடையதைப்போல் சுமார் ஆயிரம் மடங்கு.

அளந்து பார்க்க ஏற்ற திரவம் கிளிசரின். 30 செ.மீ. உயரமுள்ள கண்ணாடி ஜாடியில் அதை நிரப்பி, காற்றுக்குமிழிகள் அடங்கும்வரை காத்திருங்கள். மேற்பரப்பிலிருந்து 5 செ.மீ. கீழே ஒரு கோடும், அதற்கு 20 செ.மீ. கீழே இன்னொரு கோடும் வரைந்துகொள்ளுங்கள். 2 மி.மீ. விட்டமுள்ள எஃகுக் குண்டைக் கிளிசரினிலேயே நனைத்து, ஜாடியின் நடுவில் மெதுவாக விடுங்கள். முதல் கோட்டை எட்டுமுன்பே அது முற்றுத்திசைவேகத்தை (அதற்குமேல் கூடாத வேகத்தை) அடைந்து, அதன்பின் ஒரே சீராக இறங்கும். இரு கோடுகளுக்கிடையே ஆகும் நேரத்தை மட்டும் குறித்தால் போதும்.

இயற்பியலறிஞர் ஸ்டோக்ஸ் 1851இல் வெளியிட்ட விதியின்படி, குண்டின் ஆரத்தின் இருமடி (வர்க்கம்), குண்டுக்கும் திரவத்துக்கும் உள்ள அடர்த்தி வேறுபாடு, புவியீர்ப்பு முடுக்கம் ஆகிய மூன்றையும் பெருக்கி, அதன் இரு மடங்கைத் திசைவேகத்தின் ஒன்பது மடங்கால் வகுக்க வேண்டும். குண்டு 20 வினாடியில் இறங்கியது என்றால் ஆரம் 0.001 மீ., அடர்த்தி வேறுபாடு கன மீட்டருக்கு 6540 கி.கி., முடுக்கம் 9.8, திசைவேகம் வினாடிக்கு 0.01 மீ.; விடை சுமார் 1.42 பாஸ்கல் வினாடி (பாகுநிலையின் அலகு). ஜாடியின் அகலம் 5 செ.மீ. மட்டுமே என்றால் சுவரின் தடையால் விடை ஏறத்தாழ 8 சதவீதம் கூடுதலாக வரும், அதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

வெப்பநிலையைக் குறிக்காத அளவீட்டால் பயனே இல்லை என்பேன். 20 டிகிரி செல்சியஸில் 1.41 ஆக இருக்கும் தூய கிளிசரினின் பாகுநிலை 30 டிகிரியில் பாதிக்கும் கீழே போய்விடும். கிளிசரின் காற்றிலுள்ள ஈரத்தையும் உறிஞ்சிக்கொள்ளும். பத்தில் ஒரு பங்கு தண்ணீர் சேர்ந்தாலே பாகுநிலை ஆறில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுமாதலால், வெகுநாள் திறந்து கிடந்த புட்டியை நம்பாதீர்கள்.

தண்ணீருக்கு இம்முறை உதவாது: குண்டு விரைந்து விழுந்து சுழல்களை எழுப்பும், ஸ்டோக்ஸ் விதியோ மெதுவான சீரான ஓட்டத்துக்கே பொருந்தும். அத்தகைய திரவங்களை நுண்குழாய் வழியே ஓடவிட்டு அளக்க வேண்டும்.