வண்டியை நிறுத்திவிட்டுப் போகும்போது ஹெல்மெட் விஷயத்தில் நாம் செய்யும் தவறுகள்

காரைக்குடி செக்காலை ரோட்டில் கடைகளுக்கு முன்னால் நிற்கும் வண்டிகளைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். ஹெல்மெட் சைடு மிரரில் தொங்கும், இல்லையென்றால் பெட்ரோல் டேங்க் மேல் உட்கார்ந்திருக்கும், அதுவும் இல்லையென்றால் சீட்டின் மேல் சும்மா கிடக்கும். வண்டிக்கு ஹேண்டில் லாக் போட்டு, இரண்டு தடவை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் நகர்வார்கள். ஹெல்மெட்டுக்கு அந்தக் கவனம் கிடைப்பதில்லை.

ஹெல்மெட் காணாமல் போனால் ஆயிரமோ இரண்டாயிரமோ நஷ்டம் என்றுதான் கணக்குப் போடுகிறோம். என்னைக் கேட்டால் பெரிய நஷ்டம் அது இல்லை. வந்த இடத்திலிருந்து வெறுந்தலையோடு வீடு திரும்புகிறோமே, அந்தப் பதினைந்து இருபது கிலோமீட்டர்தான் நஷ்டம். தேவகோட்டைக்கோ திருப்பத்தூருக்கோ போகிற சாலையில் பொழுது சாய்ந்த பிறகு பஸ்ஸும் லாரியும் வருகிற வேகம் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். ஹெல்மெட் திருடு போகாமல் உள்ளுக்குள் கெட்டுப் போயிருந்தாலும் இதே கதைதான். தலையில் இருக்கும், ஆனால் காப்பாற்ற வேண்டிய நேரத்தில் முழுசாகக் காப்பாற்றாது. அதனால் கள்ளனிடமிருந்து காப்பது, கெட்டுப் போகாமல் காப்பது இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

மிரரில் மாட்டுவது

இதுதான் எல்லோரும் செய்யும் தவறு, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஹெல்மெட்டின் உள்மெத்தையைக் கழற்றிப் பார்த்திருக்கிறீர்களா? அதற்குப் பின்னால் வெள்ளையாகவோ கறுப்பாகவோ தடித்த தெர்மாகோல் அடுக்கு ஒன்று இருக்கும். விபத்தில் தலையைக் காப்பாற்றுவதில் பெரும்பங்கு அதற்குத்தான். தலை மோதும்போது அது நசுங்குகிறது. நசுங்கும்போது அடியின் வேகத்தைத் தான் வாங்கிக்கொள்கிறது. ஒருமுறை நசுங்கிய இடம் திரும்ப எழும்பாது.

மிரரின் விளிம்பிலோ தண்டிலோ ஹெல்மெட்டை மாட்டினால் அதன் மொத்த எடையும் உள்ளே ஒரே இடத்தில் போய் அழுந்துகிறது. காற்றில் ஆடும்போதும், பக்கத்து வண்டிக்காரர் இடித்துக்கொண்டு தன் வண்டியை எடுக்கும்போதும் அந்த இடம் இன்னும் அழுந்தும். நண்பர் ஒருவருடைய ஹெல்மெட்டைத் துவைப்பதற்காகப் பிரித்தபோது பார்த்தேன். உச்சிக்குச் சற்று முன்னால், கட்டைவிரலை வைத்தால் அப்படியே பொருந்துகிற அளவுக்கு ஒரு பள்ளம். மேலே மெத்தை மூடியிருந்ததால் அவருக்குத் தெரியவே இல்லை. வெளியே ஒரு கீறல்கூடக் கிடையாது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் இன்னொரு தொல்லையும் உண்டு. வாய் மேலே பார்த்தபடி வைத்த ஹெல்மெட்டில் மழைத் தண்ணீர் நிறைந்து மெத்தை முழுக்க ஊறிவிடும். உடனே காய வேண்டும் என்று சூடான எஞ்சின் மேலோ சைலன்சர் பக்கமோ வைத்துவிடாதீர்கள். அந்தத் தெர்மாகோல் சூட்டில் இளகிச் சுருங்கும். மெத்தையைக் கழற்ற முடிந்தால் கழற்றி நிழலில் காயப்போடுங்கள், அது போதும்.

டேங்க் மேல், சீட் மேல்

டேங்க் மேல் வைப்பதில் இரண்டு சிக்கல். பெட்ரோல் பட்டால் தெர்மாகோல் கரைந்துபோகும். சந்தேகம் இருந்தால் ஒரு துண்டுத் தெர்மாகோலில் இரண்டு சொட்டு விட்டுப் பாருங்கள், கண்ணெதிரே கரையும். மூடியோரம் கசிந்த ஈரமும் ஆவியும் நாளடைவில் ஹெல்மெட்டுக்கு நல்லதில்லை. பெட்ரோல் தொட்ட துணியால் ஹெல்மெட்டைப் பளபளவென்று துடைக்கும் பழக்கத்தையும் இதனாலேயே விட்டுவிட வேண்டும். சோப்புத் தண்ணீர் போதும்.

இரண்டாவது, சைடு ஸ்டாண்டில் சாய்ந்து நிற்கும் வண்டியின் டேங்க்கிலும் சீட்டிலும் ஹெல்மெட் நிலையாக நிற்காது. கீழே விழுந்ததும் ஹெல்மெட் போச்சு என்று சிலர் பயப்படுவார்கள். அது கொஞ்சம் அதிகப்படி. உள்ளே தலை இல்லாமல் சீட்டு உயரத்திலிருந்து ஒரு தடவை விழுந்தால் பெரும்பாலும் தெர்மாகோல் நசுங்காது. ஆனால் நம் பக்கத்துச் சரளைக் கல்லில் விழுந்து வைசர் கீறினால் ராத்திரி எதிரே வரும் வண்டியின் வெளிச்சம் அந்தக் கீறல்களில் சிதறிக் கண்ணை மறைக்கும். ஹெல்மெட்டின் வெளி ஓட்டில் விரிசல் தெரிந்தால் மாற்றிவிட வேண்டியதுதான். நிறுத்திய வண்டியில் வேறு வழியே இல்லையென்றால், கெட்டியான தரையில் வாய்ப்பக்கம் கீழாக வைப்பதே மேல். தரையிலிருந்து அதற்குமேல் விழ இடமில்லை.

வண்டியிலேயே இருக்கும் கொக்கியை மறப்பது

பல மோட்டார் சைக்கிள்களில் சீட்டுக்கு அடியிலோ பக்கவாட்டிலோ ஹெல்மெட்டுக்கென்று ஒரு சிறு கொக்கி இருக்கிறது. வருஷக்கணக்கில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கே தெரியாது. சீட்டைத் திறந்து ஓரத்தில் பாருங்கள், இல்லையென்றால் வண்டியோடு கொடுத்த புத்தகத்தில் பாருங்கள். தாடை வாரில் இருக்கும் உலோக வளையத்தை அதில் மாட்டிச் சீட்டைப் பூட்டினால் வேலை முடிந்தது. ஹெல்மெட் சைலன்சரின் மேல் உரசாமல் எதிர்ப் பக்கமாகத் தொங்குகிறதா என்பதை மட்டும் கவனித்தால் சரி. அப்படி மாட்டிக்கொண்டு வண்டியை ஓட்டக் கூடாது, சக்கரத்தில் மாட்டும்.

இந்தக் கொக்கிக்கும் ஒரு குறை உண்டு. ஹெல்மெட்டைப் பிடித்திருப்பது வார் மட்டும்தான். பிளேடு வைத்திருப்பவனுக்கு நைலான் வார் ஒரு பொருட்டே இல்லை. வார் அறுந்த ஹெல்மெட்டை யாரும் வாங்க மாட்டார்கள் என்பதால் விற்பதற்காகத் திருடுகிறவன் தொட யோசிப்பான். ஆனாலும் சில மணி நேரம் விட்டுப் போவதாக இருந்தால் கேபிள் பூட்டு வாங்கிவிடுவது நல்லது. முழு முகம் மூடும் ஹெல்மெட்டில் கேபிளை வாரில் கோக்காதீர்கள். வைசரைத் தூக்கி, முகம் தெரியும் திறப்பு வழியாக விட்டுக் கழுத்துப் பக்கமாக வெளியே எடுங்கள். தாடைப் பகுதி முழுவதும் கேபிளுக்குள் வந்துவிடும். ஹெல்மெட்டை எடுக்க வேண்டுமென்றால் கேபிளைத்தான் வெட்ட வேண்டும்.

மறுமுனையை எதில் கட்டுகிறீர்கள் என்பதும் முக்கியம். மிரர் தண்டைச் சாதாரண ஸ்பேனரால் கழற்றிவிடலாம். ஸ்கூட்டரின் முன்பக்கக் கொக்கி காய்கறிப் பை மாட்டுவதற்கு. அதைப் பூட்டாக நம்பக் கூடாது. பின்னால் இருக்கும் கைப்பிடிக் கம்பியோ வண்டியின் ஃபிரேமோதான் சரி. நம்பர் பூட்டு என்றால், கடைசி ஒரு எண்ணை மட்டும் அவசரமாகத் தள்ளிவிட்டுப் போகாதீர்கள். பின்னால் வருபவன் அந்த ஒரு சக்கரத்தை மட்டும் சுற்றிப் பார்த்தால் திறந்துவிடும்.

ஆள் இல்லாத தெருவை நம்புவது

கூட்டத்தில்தான் திருட்டு நடக்கும், தெரு காலியாக இருந்தால் பயமில்லை என்று நினைப்பது நம் ஊர்ப்பக்கம் செல்லாது. செட்டிநாட்டு வீடு ஒரு தெருவில் முகப்பில் தொடங்கி, முற்றம், கட்டு என்று நீண்டு, அடுத்த தெருவில் பின்வாசலாக முடியும். கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் இப்படிப் பூட்டிக் கிடக்கும் வீடுகளுக்கு நடுவே, வெயில் ஏறிய நேரத்தில் ஒரு ஈ காக்கை இருக்காது. பெரிய வீட்டைப் படம் எடுக்க வருகிறவர்கள் பையும் ஹெல்மெட்டும் ஜாக்கெட்டுமாக வண்டியை அந்த மதில் நிழலில் விட்டுவிட்டு உள்ளே போகிறார்கள். எவன் வந்து எதை எடுத்தாலும் பார்க்க அந்தத் தெருவில் ஆள் கிடையாது. ஒரு டீக்கடையோ பெட்டிக்கடையோ கண்ணில் படும் இடத்தில் நிறுத்தி நூறு அடி நடப்பது மேல். “அண்ணே, வண்டியைக் கொஞ்சம் பார்த்துக்கிடுங்க, இந்தா வந்துர்றேன்” என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனால் இங்கே பெரும்பாலும் யாரும் மாட்டேன் என்று சொல்வதில்லை. ஆத்தங்குடியில் டைல்ஸ் போடுவதைப் பார்க்கப் போனால் ஹெல்மெட்டை உள்ளே கையோடு கொண்டுபோகலாமா என்று கேளுங்கள். வைக்க ஓரமாக ஓர் இடம் கிடைக்கும்.

“ரெண்டு நிமிஷம்தான்” என்பதும் இதே ரகம். முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைக்குள் நுழைந்தவர் ரெண்டு நிமிஷத்தில் வெளியே வந்ததை நான் பார்த்ததில்லை.

கோயிலும் கல்யாண வீடும்

பிள்ளையார்பட்டியில் சதுர்த்தி சமயமோ, குன்றக்குடியில் பங்குனி உத்திரமோ என்றால் வண்டி நிற்கும் இடமும் சந்நிதியும் வெகுதூரம். வண்டிக்குக் கொடுக்கும் டோக்கன் ஹெல்மெட்டுக்கும் சேர்த்துத்தான் என்று நினைத்துக்கொள்கிறோம். பெரும்பாலும் அப்படி இல்லை. சில ஸ்டாண்டுகளில் ஹெல்மெட்டுக்குத் தனியாகக் காசு வாங்கிக்கொண்டு உள்ளே வைத்துத் தருவார்கள். இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் அர்ச்சனைத் தட்டு வாங்கும் கடையில் கொடுத்துவிட்டுப் போகலாம். தோல் ஜாக்கெட், தோல் கையுறை போட்டு வருகிறவர்கள் அதையும் முன்கூட்டியே யோசித்துக்கொள்ள வேண்டும், அவற்றோடு சந்நிதிக்குப் போக முடியாது. ஜாக்கெட்டின் கை வழியாகவும் அதே கேபிளை விட்டுப் பூட்டலாம்.

கல்யாண வீட்டில் திருட்டு பயம் குறைவு. அங்கே நடப்பது மாறிப்போவது. முகப்புத் திண்ணையில் கறுப்பு ஹெல்மெட்டாக இருபது முப்பது அடுக்கியிருக்கும். பந்தி முடிந்து அவசரமாகக் கிளம்பும் யாரோ உங்களுடையதை எடுத்துப் போய்விடுவார். மிஞ்சுவது உங்கள் தலையில் லொடலொடவென்று ஆடும். தலைக்குப் பொருந்தாத ஹெல்மெட் விழும்போது கழன்றே போகலாம். தாடை வாரில் கலர் நூலால் நாலு தையல் போட்டு வையுங்கள், இல்லையென்றால் உள்மெத்தைத் துணியில் பெயரின் முதல் எழுத்தை எழுதுங்கள். ஓட்டின் மேல் பெயிண்ட் அடிக்க வேண்டாம், பெயிண்டில் உள்ள கரைப்பான் பிளாஸ்டிக் ஓட்டைப் பலவீனப்படுத்தக்கூடும்.

மற்ற சாமான்கள்

ஃபோன் ஸ்டாண்டில் ஃபோனை விட்டுப் போவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஹெல்மெட்டில் மாட்டும் ப்ளூடூத் கருவி பல சமயம் ஹெல்மெட்டைவிட விலை அதிகம்; அது கிளிப்பில் கழன்று வருவதுதான், கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். டேங்க் கவர் பைக்கு ஜிப் மட்டும்தான் இருக்கிறது, பூட்டு இல்லை.

ஆர்சி புத்தகத்தை சைடு பாக்ஸிலேயே வைத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வண்டியோடு ஆர்சியும் போனால் திருடியவனுக்கு விற்பது சுலபமாகிவிடும். ஃபோனில் டிஜிலாக்கர் செயலியிலோ எம்பரிவாகன் செயலியிலோ காட்டினால் போலீஸ் ஏற்றுக்கொள்ள வேண்டும், அசல் வீட்டில் இருக்கட்டும்.

ஸ்கூட்டர்காரர்கள் சீட்டுக்கடியில் வைத்துப் பூட்டுவது நல்ல வழிதான். ஆனால் முழு ஹெல்மெட் உள்ளே சரியாக அடங்காவிட்டால் சீட்டை அழுத்தி மூடாதீர்கள். மிரர் செய்கிற அதே வேலையை அந்த அழுத்தமும் செய்யும். நீண்ட தூரம் ஓட்டி வந்த உடனே என்றால் அடியில் இருக்கும் எஞ்சின் சூடு பெட்டிக்குள் ஏறியிருக்கும்; சித்திரை வெயிலும் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம். கொஞ்ச நேரம் திறந்து வைத்துவிட்டு உள்ளே வையுங்கள்.

அதிகம் தொலைவது பின்னால் உட்காருபவரின் ஹெல்மெட்தான். கேபிள் வாங்கும்போது ஒன்றுக்குப் போதுமான நீளம் வாங்கிவிடுகிறோம், இரண்டாவது சும்மா கிடக்கிறது. இரண்டையும் சேர்த்துச் சுற்றுகிற நீளத்தில் வாங்குங்கள். நான்கு வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் சட்டப்படி ஹெல்மெட் கட்டாயம், மோட்டார் வாகனச் சட்டம் 129-ஆவது பிரிவு. போடாமல் போனால் 194டி பிரிவின்படி 1,000 ரூபாய் அபராதம், அதோடு மூன்று மாதம் உரிமமும் பறிபோகலாம்.

திரும்பி வந்ததும்

ஹெல்மெட்டைத் தலையில் கவிழ்ப்பதற்கு முன்னால் உள்ளே ஒருமுறை பாருங்கள், தட்டிப் பாருங்கள். மரத்தடியில் நின்ற வண்டியில் எறும்போ சிலந்தியோ இருக்கும். மழைக்காலத்தில் பூரானும் தேளும்கூட ஒதுங்கும். வாரில் வெட்டு இருக்கிறதா என்று விரலால் ஓட்டிப் பாருங்கள். கேபிளை அவிழ்த்து உள்ளே வைத்த பிறகுதான் சாவியைப் போட வேண்டும். தொங்கும் கேபிள் பின்சக்கரத்தில் சுற்றினால் வண்டி நின்ற இடத்திலேயே விழும்.

போனது போய்விட்டதென்றால், பக்கத்தில் கடை இருந்தால் ஐஎஸ்ஐ முத்திரையும் ஐஎஸ் 4151 என்ற எண்ணும் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். 2021 ஜூன் முதல் அந்த முத்திரை இல்லாத ஹெல்மெட்டை விற்பதே குற்றம். கடை இல்லையென்றால் வீட்டுக்கு ஃபோன் போட்டு யாரையாவது இன்னொரு ஹெல்மெட் எடுத்துவரச் சொல்லுங்கள், இல்லையென்றால் வண்டியைத் தெரிந்தவர் வீட்டு வாசலில் விட்டுவிட்டு பஸ் ஏறுங்கள். பழைய ஹெல்மெட்டை மலிவாகத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வாங்காதீர்கள். அது யார் தலையில் இருந்தது, எத்தனை தடவை அடிபட்டது என்று யாருக்கும் தெரியாது, இன்னொருவர் வண்டியிலிருந்து எடுத்ததாகவும் இருக்கலாம்.