டயாலிசிஸ் செய்பவர்களுக்கு: வாயை நனைப்பது எப்படி, எடை ஏறாமல்

வாய் காய்வது வேறு, தாகம் வேறு. எச்சில் குறைந்தால் வாய் காயும். அதற்கு நனைத்தால் போதும், விழுங்க வேண்டியதில்லை. இரத்தத்தில் உப்பு கூடினால் தாகம் எடுக்கும். அதை அடுப்படியில்தான் அடக்க முடியும். இரண்டுக்கும் சொம்பைத் தூக்குவதால்தான் அடுத்த டயாலிசிஸுக்குள் நான்கு கிலோ ஏறிவிடுகிறது.

1. எடை பாருங்கள்

காலைக்கடன் முடித்து, சாப்பிடுவதற்கு முன், ஒரே மிஷினில் பார்த்து காலண்டரில் எழுதுங்கள். ஒரே நாளில் ஒரு கிலோ கூடினால் அது சதை இல்லை, ஒரு லிட்டர் நீர். ட்ரை வெயிட், அதாவது தேங்கிய நீரையெல்லாம் எடுத்த பிறகு இருக்க வேண்டிய எடை, 55 கிலோ என்றால், இரண்டு டயாலிசிஸுக்கு நடுவே ஏறும் எடை அதில் 4 சதவீதம், அதாவது 2.2 கிலோவுக்குள் நிற்பது நல்லது.

டயாலிசிஸில் நீரை இழுக்கும் வேகத்துக்கும் எல்லை உண்டு. மணிக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 13 மில்லியைத் தாண்டாமல் பார்ப்பார்கள். 55 கிலோ ஆளுக்கு 4 மணி நேரத்தில் சுமார் 2.8 லிட்டர்தான். நான்கு கிலோவோடு போய் "எல்லாத்தையும் எடுத்து விடுங்க" என்றால் கெண்டைக்கால் இழுக்கும், பிபி சரியும், வாந்தி வரும்.

2. பாட்டில் கணக்கு

24 மணி நேரச் சிறுநீரின் அளவோடு 500 மில்லி சேர்த்தால் வருவதுதான் பொதுவான ஒரு நாள் அளவு. உங்களுக்கு எவ்வளவு என்பதை டாக்டரே சொல்லட்டும். அந்த அளவுத் தண்ணீரை காலையில் ஒரு பாட்டிலில் ஊற்றி வையுங்கள். காபி குடித்தால் அதே அளவைப் பாட்டிலிலிருந்து எடுத்து செடிக்கு ஊற்றுங்கள். ரசம், கஞ்சி, ஜிகர்தண்டா எல்லாம் கணக்கில் சேரும். வீட்டு டம்ளர் எத்தனை மில்லி பிடிக்கும் என்று குழந்தைகளின் பால் பாட்டிலில் ஊற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். பலரும் எழுத மறப்பது மாத்திரைக்குக் குடிக்கும் தண்ணீரை.

3. உப்பு

பாதி வெற்றி இங்கேதான். உடம்பில் தங்கும் சுமார் 9 கிராம் உப்பு, ஒரு லிட்டர் நீரைப் பிடித்து வைக்கும். நாளுக்கு மொத்தம் 5 கிராம், அதாவது தலைதட்டிய ஒரு டீஸ்பூன், அதற்குள் முடிக்கப் பாருங்கள். கருவாடு, ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், பரோட்டா சால்னா ஆகியவற்றை ஒதுக்கினாலே தாகம் குறைவது தெரியும். சோற்றை உப்பில்லாமல் வடியுங்கள். குழம்பில் நோயாளியின் பங்கை உப்புக்கு முன்னே எடுத்து வைத்து, அவருக்கான உப்பை மேலே தூவுங்கள். நாக்கில் நேராகப் படுவதால் கொஞ்சமே போதும். மிளகு, சீரகம், பூண்டு தாராளமாகப் போடலாம்.

இந்துப்பும் உப்புதான். 'லோ சோடியம்' உப்பு அதைவிட ஆபத்து: அதிலுள்ள பொட்டாசியம் இதயத்தையே நிறுத்தலாம்.

சுகர் உள்ளவர்களுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. சுகர் ஏறியிருக்கும் வரை, உப்பை என்ன குறைத்தாலும் தாகம் அடங்காது.

4. வாய்க்கு

அன்றைய அளவிலிருந்து 150 மில்லி எடுத்து ஐஸ் ட்ரேயில் 10 கட்டிகளாக உறைய வையுங்கள். கட்டிக்கு 15 மில்லி. ஒரு மடக்கில் போய்விடும் தண்ணீர், ஐஸாகச் சப்பினால் சில நிமிடம் நிற்கும். சர்க்கரை இல்லாத சூயிங்கம் மெல்லலாம், ஒரு கிராம்பையோ ஏலக்காயையோ அடக்கிக்கொள்ளலாம், எச்சில் ஊறும். குளிர்ந்த நீரில் கொப்பளித்துத் துப்புங்கள். மூக்கடைத்து வாயால் மூச்சு விடுகிறவர்கள் முதலில் மூக்கைக் கவனிக்க வேண்டும். அலர்ஜி மாத்திரை போன்றவையும் வாயைக் காய வைக்கும். நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். நாக்கில் வெள்ளையாகப் படிந்தால் காளான் தொற்றாக இருக்கலாம், காட்டிவிடுங்கள்.

5. சித்திரை வெயில்

அழகர் இறங்கும் நாட்களில் மதுரையில் தெருவுக்குத் தெரு நீர்மோரும் பானகமும் கையில் திணிப்பார்கள். மோரில் உப்பு, பானகத்தில் வெல்லம். இரண்டுமே தாகத்தைத் தீர்க்காது, கூட்டும். இளநீர், பதநீர் வேண்டவே வேண்டாம், பொட்டாசியம். உசிலம்பட்டி, மேலூர் பக்கமிருந்து பஸ்ஸில் வருபவர்கள் சின்ன பிளாஸ்கில் ஐஸ் கட்டிகளை எடுத்து வரலாம்.

படுத்தால் மூச்சு முட்டி எழுந்து உட்கார வேண்டியிருந்தால், அடுத்த டயாலிசிஸ் தேதிக்குக் காத்திருக்காதீர்கள். அப்போதே, நடு இரவானாலும், மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.