சாதாரணமா அந்தரமா? காதால் பிரித்தறிய ஒரு வழி

கர்நாடக சங்கீதத்தின் ஆரம்பப் பயிற்சிகளான சரளி, ஜண்டை எல்லாம் பாட வரும், ஆனால் வேறு யாராவது பாடும்போது அது சாதாரண காந்தாரமா (தாழ்ந்த க) அந்தர காந்தாரமா (உயர்ந்த க) என்று கேட்டால் முழிப்பவர்களுக்கு இது. ச-விலிருந்து எவ்வளவு தூரம் என்று அளக்கப் பார்ப்பதில்தான் சிக்கலே. அடுத்து வரும் ஸ்வரத்தை வைத்துப் பிடிப்பது சுலபம்.

போனில் தம்புரா ஆப்பை ஓடவிட்டு ச-வில் நில்லுங்கள். சந்தேகமான காந்தாரத்தைப் பிடித்து அங்கிருந்து சுத்த மத்யமத்துக்கு (தாழ்ந்த ம) ஏறுங்கள். ம உடனே ஒட்டினாற்போல் வந்தால் அந்தரம், நடுவில் இன்னொரு ஸ்வரத்துக்கு இடமிருந்தால் சாதாரணம். கீபோர்டில் ச-வை விட்டுவிட்டு, கறுப்பு வெள்ளை எல்லாக் கட்டைகளையும் எண்ணினால் 3-வது சாதாரணம், 4-வது அந்தரம், 5-வது சுத்த மத்யமம். நிஷாதத்துக்கும் (நி) இதே வேலைதான்: மேல் ச-வை ஒட்டி நிற்பது காகலி, தள்ளி நிற்பது கைசிகி.

அப்புறம், ஒரே ஒரு ஸ்வரம் மட்டும் மாறும் ஜோடிகளாக எடுத்துக்கொள்ளுங்கள். மோகனம், சிவரஞ்சனி என்ற இரண்டு ராகங்களும் காந்தாரத்தில் மட்டும்தான் வேறுபடுகின்றன, அதனால் 'ச ரி க ப க ரி ச' என்று ஒரே பிடியை இரண்டிலும் மாற்றி மாற்றிப் பாடலாம். மத்யமம் மட்டும் மாறும் ஜோடிக்கு 29-வது மேளம் (தாய் ராகம்) சங்கராபரணமும் 65-வது கல்யாணியும். சிவரஞ்சனி என்றால் சோகம் என்று குறித்து வைத்துக்கொள்வதை நான் நம்புவதில்லை, கொஞ்சம் வேகம் கூட்டினால் அதுவும் துள்ளும்.

சுத்த மத்யமமும் பஞ்சமமும் குழம்புவது வேறு கதை. இரண்டுமே ச-வோடு இனிமையாகச் சேர்பவை, அதுவும் ம-வில் கொஞ்ச நேரம் நின்றால் அதுவே ச மாதிரி ஆகிவிடும், ஏனென்றால் அங்கிருந்து மேல் ச சரியாக ஒரு பஞ்சம தூரம். தம்புராவின் ப கம்பியைக் கவனியுங்கள்: நீங்கள் பாடுவது ப என்றால் அதில் கரைந்துவிடும், ம என்றால் லேசாக உரசும். ஆப் மத்யம சுருதியில் (ப-வுக்குப் பதில் ம ஒலிக்கும் அமைப்பில்) இருந்தால் இந்தச் சோதனை பலிக்காது, முதலில் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் கமகம் (ஸ்வரத்தை அசைத்துப் பாடுவது) இல்லாமல் நேராகப் பாடியே பழகுங்கள். தோடி ராகத்தின் காந்தாரத்தை இப்போதைக்குத் தொட வேண்டாம். அது சாதாரண காந்தாரம்தான், ஆனால் அசையும் அசைவில் ஓரிடத்தில் நிற்காது.