கொரியத் தொடரும் சமையல் போட்டியும்: பார்த்ததைப் பற்றி உருப்படியாக எழுத

"நடிப்பு சூப்பர், செகண்ட் ஹாஃப் லேக்" என்று எழுதினால், இன்னும் பார்க்காதவருக்கு அதில் எடுத்துக்கொள்ள ஒன்றும் இல்லை. எந்த எபிசோட், எந்தக் காட்சி, அங்கே என்ன பிசகியது என்று சொல்ல வேண்டும். "11-ஆம் எபிசோடில் உண்மையைச் சொல்ல வருகிறான், போன் அடிக்கிறது, நிறுத்திவிடுகிறான். 12, 13-லும் இதே தடை" என்று எழுதிப் பாருங்கள். லேக் என்ற சொல்லே தேவைப்படாது.

இதற்குப் பார்க்கும்போதே குறிப்பு எடுக்க வேண்டும். எபிசோட் முடிந்ததும் மூன்றே வரி: மனதில் நின்ற காட்சி, அது வந்த நிமிடம், நெருடிய இடம். 16 எபிசோடையும் முடித்துவிட்டு நினைவிலிருந்து எழுதினால் கடைசி எபிசோட் மீதான கோபமோ மகிழ்ச்சியோ முழுத் தொடருக்கும் சாயம் பூசிவிடும். 2, 8, 16 ஆகிய எபிசோடுகளுக்குப் பிறகு ஒரு பத்தி எழுதி வைத்தால், எங்கே உங்கள் எண்ணம் மாறியது என்பது தானாகத் தெரியும். பல நேரம் கருத்தின் மையமே அந்த மாற்றம்தான்.

வாரம் இரண்டு எபிசோட், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல், மொத்தம் எட்டு வாரம். கொரியத் தொலைக்காட்சிக்கான 16 எபிசோட் தொடர்கள் பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான் எழுதப்படுகின்றன. ஒவ்வொரு வாரத்தின் இரண்டாவது எபிசோடின் முடிவும் அடுத்த வாரம் வரை ஆளைக் காக்க வைக்க வேண்டும். அடுத்தது தொடங்கும்போது பழைய காட்சியை நினைவுபடுத்தவும் வேண்டும். ஒரே மூச்சில் பார்ப்பவருக்கு இது "காட்டியதையே காட்டுகிறார்கள்" என்று படும். எனவே எப்படிப் பார்த்தீர்கள் என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.

சப்டைட்டிலில் ஏமாறாமல் இருப்பது முக்கியம். கொரிய மொழியில் மரியாதைப் பேச்சு ஜொன்தேன்மல், நெருக்கப் பேச்சு பன்மல். 'நீங்க', 'நீ' என்று பேசிப் பழகிய நமக்கு இது சட்டென்று பிடிபடும். ஆனால் ஆங்கில சப்டைட்டிலில் இரண்டும் 'யூ' ஆகிவிடுகிறது. அலுவலகத்தில் 'நீங்க' என்று பேசிக்கொண்டிருந்த இருவர் ஓர் இரவில் 'நீ'க்கு இறங்குவது, முத்தக் காட்சியைவிடப் பெரிய திருப்பமாக இருக்கலாம். வசனத்தின் கடைசியில் ஒலிக்கும் 'யோ' திடீரென்று காணாமல் போகிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள். "இருவருக்கும் கெமிஸ்ட்ரி இல்லை" என்று எழுதும் முன் அந்த இடத்தை இன்னொரு முறை ஓட்டிப் பார்ப்பது நியாயம்.

ரேட்டிங் எண்ணை (எத்தனை சதவீத வீடுகளில் பார்த்தார்கள் என்ற கணக்கை) போட்டால் சேனல் பெயரையும் போடுங்கள். 2022-இல் 'எக்ஸ்ட்ராஆர்டினரி அட்டர்னி வூ' இஎன்ஏ என்ற சிறிய சேனலில் 1 சதவீதத்துக்கும் கீழே தொடங்கி 17 சதவீதத்தைத் தாண்டி முடிந்தது. பார்த்தவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லி வளர்ந்த தொடர் என்பது அந்த ஏற்றத்தில் தெரிகிறது. இறுதி எண்ணை மட்டும் போட்டால் அது மறைந்துவிடும். நெட்ஃபிளிக்ஸில் மட்டும் வரும் தொடருக்கு இந்த வீட்டுக் கணக்கே கிடையாது. இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

சமையல் போட்டியில் நிலைமை வேறு: பார்ப்பவருக்கு ருசி தெரியாது. "அவர் சமைத்ததுதான் நன்றாக இருந்தது" என்ற வரியை அடித்துவிடுங்கள். விதி, நேரம், நடுவர் சொன்ன காரணம், தட்டில் கண்ணுக்குத் தெரிந்தது ஆகியவற்றைப் பற்றித்தான் நாம் உறுதியாகப் பேச முடியும். 2024-இல் வந்த 'கலினரி கிளாஸ் வார்ஸ்' என்ற கொரியப் போட்டியின் முதல் சீசனில் கருப்புக் கரண்டி (அதிகம் பெயர் வெளியே தெரியாத சமையல்காரர்கள்) 80 பேர், வெள்ளைக் கரண்டி (பெயர் பெற்றவர்கள்) 20 பேர். நேருக்கு நேர் சுற்றில் நடுவர்கள் பேக் ஜோங்-வொன், ஆன் சங்-ஜே இருவரும் கண்ணைக் கட்டிக்கொண்டு சாப்பிட்டார்கள். அந்தச் சுற்றில் தட்டின் அழகைப் புகழ்ந்து "தீர்ப்பு தவறு" என்று வாதிட்டால் எடுபடாது. நடுவர் அதைப் பார்க்கவே இல்லை. ஆன் சங்-ஜே வெந்த பதத்தையும் சமைத்தவரின் நோக்கத்தையும் திரும்பத் திரும்பக் கேட்பவர். அவர் முதல் எபிசோடில் கேட்டதையே பிற்பாடும் கேட்டாரா என்று ஒப்பிட்டால் உங்கள் விமர்சனத்துக்குப் பிடி கிடைக்கும்.

விதியின் குறையை ஆளின் தலையில் கட்டாதீர்கள். அதே சீசனில் அணிகள் உணவகம் நடத்திய சுற்றில் ஒவ்வோர் அணியும் தன்னில் ஒருவரை வாக்கெடுத்து வெளியேற்ற வேண்டியிருந்தது. வெளியேறிய மூவரும் புது அணியாகி, குறைந்த நேரத்தில், ஓர் ஆள் குறைவாக நின்றார்கள். பார்வையாளர்களுக்கு வந்த கோபம் நியாயமானதே. அது போய்ச் சேர வேண்டிய இடம் விதியை வகுத்தவர்கள், வாக்களித்த சமையல்காரர்கள் அல்ல. ஒருவரின் முகச்சுளிப்பை வைத்து "பொறாமைக்காரர்" என்று எழுதுவதும் வேண்டாம். அந்த முகபாவம் எப்போது எடுத்தது, எங்கே வெட்டி ஒட்டியது என்பது எடிட்டருக்குத்தான் தெரியும்.

கதையை உடைக்கும் பகுதியை அடியில் தள்ளி, மேலே "10-ஆம் எபிசோட் வரை பார்த்தவர்களுக்கு" என்று எண்ணோடு போடுங்கள். போட்டி என்றால் தலைப்பும் படமும்கூடக் காட்டிக்கொடுக்கும். இறுதிச் சுற்றுத் தட்டின் படத்தை மேலே வைத்தால், உள்ளே எவ்வளவு மறைத்து எழுதியும் பயனில்லை.