கொரோனா கணக்கை எப்படிப் படிப்பது?

ஒரு நாள் தொற்று எண்ணிக்கை குறைந்ததும் சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை பரிசோதனை குறையும், அடுத்த நாள் தொற்றும் குறைந்த மாதிரி தெரியும். ஏழு நாள் சராசரியைப் பாருங்கள்.

அப்புறம், எத்தனை பேருக்குப் பரிசோதனை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1,000 பேரில் 50 பேருக்குத் தொற்று என்றால் 5 சதவீதம். 400 பேரில் 40 என்றால் 10. எண் இறங்கியிருக்கிறது, நிலைமை ஏறியிருக்கிறது! கட்டுப்பாடுகளைத் தளர்த்த, இந்த விகிதம் இரண்டு வாரமாவது 5-க்குக் கீழே இருக்க வேண்டும் என்று 2020 மே மாதம் உலக சுகாதார அமைப்பு சொன்னது.

இறப்புக் கணக்கு எப்போதும் பின்தங்கித்தான் வரும். தமிழ்நாட்டில் 2021 மே 21 அன்று 36,184 பேருக்குத் தொற்று, அதுதான் இரண்டாம் அலையின் உச்சம். இறப்போ அதற்குப் பிறகும் சில நாள் ஏறியது. அதனால் அந்த நாட்களில் நான் முதலில் தேடியது ஆக்சிஜன் படுக்கை எத்தனை காலி என்பதைத்தான்.