ஜாக்சன் ஹைட்ஸில் ஒரு பெட்ரூம் கோ-ஆப்: வாங்கும் முன் எதைப் பார்ப்பது

நியூயார்க்கில் கோ-ஆப் வாங்கினால் உங்கள் பெயரில் வீட்டுப் பத்திரம் வராது. கட்டடம் முழுவதும் ஒரு கம்பெனிக்குச் சொந்தம். அந்தக் கம்பெனியின் பங்குகளும், பங்கு இருக்கும்வரை இந்த வீட்டில் குடியிருக்கலாம் என்கிற குத்தகைப் பத்திரமும்தான் கைக்கு வரும். ஆகவே அந்தக் கம்பெனியின் கடன், வழக்கு, ஒழுகும் கூரை எல்லாவற்றிலும் உங்களுக்குப் பங்கு உண்டு. இதை மனதில் வைத்துக்கொண்டு வீடு பார்க்கப் போங்கள்.

ஏனென்றால் வீடு மயக்கிவிடும். குவீன்ஸில், 7 ரயில் போகும் ஜாக்சன் ஹைட்ஸில் 1920களில் கட்டிய கட்டடங்களின் நடுவே பெரிய தோட்டம், மரத்தரை, நல்ல வெளிச்சம் என்று பார்த்தவுடனே பிடித்துப்போகும். (பேட்டையின் ஒரு பகுதி 1993 முதல் பாதுகாக்கப்பட்ட பகுதி, அங்கே, ஜன்னல் மாற்றக்கூட அனுமதி வாங்க வேண்டும்.) பிடித்துப்போனால் சரி, உடனே ஏஜென்டிடம் அந்தக் கட்டடக் கம்பெனியின் கடைசி இரண்டு வருடக் கணக்கறிக்கையைக் கேளுங்கள்.

அதில் நான் முதலில் தேடச் சொல்வது கட்டடத்தின் மேல் உள்ள அடமானக் கடன். எவ்வளவு, என்ன வட்டி, எந்த வருடம் முடிகிறது? குறைந்த வட்டியில் வாங்கிய கடன் அடுத்த வருடம் முடிகிறது என்றால் புதுக் கடன் இன்றைய வட்டிக்குத்தான் கிடைக்கும், அந்த வித்தியாசம் நேராக நீங்கள் கம்பெனிக்கு மாதாமாதம் கட்டும் மெயின்டனன்ஸில் வந்து விழும். அடுத்து, கையிருப்பு நிதி. அது இல்லாத கட்டடத்தில் பாய்லர் போனால் எல்லோரிடமும் தனி வசூல்தான். ஏழு மாடியோ அதற்கு மேலோ இருந்தால் சில வருடங்களுக்கு ஒருமுறை வெளிச்சுவர்ப் பரிசோதனை கட்டாயம் என்பதால், அந்தச் செலவு முடிந்துவிட்டதா, இனிமேல்தானா என்றும் கேளுங்கள். கட்டடத்தை நடத்துவதும், வாங்க வருபவரை ஏற்பதா மறுப்பதா என்று முடிவு செய்வதும் போர்டு என்கிற நிர்வாகக் குழுதான். அதன் கூட்டக் குறிப்புகளை உங்கள் வக்கீல் படிக்க வேண்டும். 'மூன்றாம் மாடியில் மறுபடியும் கசிவு' என்பது போன்ற ஒரு வரி அங்கேதான் அகப்படும், விளம்பரத்தில் வராது.

அப்புறம் உங்கள் கணக்கு. உதாரணமாக, விலை 4,00,000 டாலர், 20% முன்பணம் 80,000 என்று வையுங்கள். கடன் தவணை மாதம் 2,000, மெயின்டனன்ஸ் 1,000, ஆக 3,000. மெயின்டனன்ஸில் சொத்து வரி, பெரும்பாலும் ஹீட்டிங், வெந்நீர் எல்லாம் அடங்கும். மாதச் செலவு வருமானத்தில் 25 முதல் 30 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று பல போர்டுகள் எதிர்பார்க்கும், அதாவது வரிக்கு முன் மாதம் 10,000 டாலராவது வேண்டும். இதோடு, எல்லாம் கொடுத்து முடித்த பிறகும் ஒன்று அல்லது இரண்டு வருடச் செலவுக்கான பணம் கையில் இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள், வங்கி சரி என்று சொன்னாலே போதும் என்று நினைத்துவிடுகிறார்கள்.

ஊரிலிருந்து அப்பா பணம் அனுப்புகிறார் என்றால் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள். திருப்பித் தர வேண்டியதில்லை என்று அவர் கையெழுத்திட்ட கடிதமும், பணம் எந்தக் கணக்கிலிருந்து வந்தது என்கிற ஆதாரமும் வங்கி கேட்கும். அன்பளிப்புப் பணத்தையே ஏற்காத போர்டும் உண்டு. வெளிநாட்டிலிருந்து ஒரு வருடத்தில் 1,00,000 டாலருக்கு மேல் அன்பளிப்பு வந்தால் அமெரிக்க வருமான வரித் துறைக்குப் படிவம் 3520 தர வேண்டும். வரி இல்லை, ஆனால் தராவிட்டால் அபராதம் பெரிது.

இதெல்லாம் பார்த்துத் திருப்தியான பிறகே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு விலையில் 10% கட்டுங்கள். போர்டு மறுத்தால் அந்தப் பணம் திரும்ப வரும் என்ற வரி ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று வக்கீலிடம் கேளுங்கள், ஏனென்றால் போர்டு காரணமே சொல்லாமல் மறுக்கலாம். இனம், மதம், பிறந்த நாடு போன்றவற்றைக் காரணமாக வைத்து மறுப்பது மட்டும் சட்டவிரோதம். போர்டு நடத்தும் நேர்காணலில் கேட்டதற்குச் சுருக்கமாகப் பதில் சொல்லுங்கள், சமையலறையை இடிக்கப்போகும் திட்டத்தை அங்கே விரிக்காதீர்கள். வாடகைக்கு விட முடியுமா, பெற்றோர் வந்து எத்தனை மாதம் தங்கலாம், விற்கும்போது கம்பெனிக்குக் கட்டணம் உண்டா என்பதையெல்லாம் விதிமுறைப் புத்தகத்தில் முன்பே பார்த்துவிடுங்கள்.

கிளோசிங் நாள், அதாவது கடைசிக் கையெழுத்துப் போட்டு வீடு கைமாறும் நாள் காலையில் வீட்டுக்கு ஒருமுறை போய் எல்லாக் குழாயையும் திறந்துவிட்டு, சிங்க்கின் அடியில் கையை வைத்துத் தடவிப் பாருங்கள். ஈரம் பட்டால் கையெழுத்துக்கு முன்பே வக்கீலைக் கூப்பிடுங்கள்.