கவ்வாத்துக் கத்தி மாதிரி கத்தரிக்கோலைத் தீட்டாதீர்கள்

தேயிலைத் தோட்டத்தில் தீட்டத் தெரிந்த கைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் தேயிலைச் செடியைக் கழித்துவிடும் கவ்வாத்துக் கத்தியை இழுக்கிற அதே கல்லில், தையல் கத்தரிக்கோலையும் இரண்டு பக்கமும் இழுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். அத்தோடு அது போச்சு.

கத்தரிக்கோலை விரித்து வெளிச்சத்தில் பிடியுங்கள். கூருக்காகச் சாய்த்துத் தேய்த்த சரிவு ஒவ்வோர் அலகின் வெளிப்பக்க ஓரத்தில் மட்டும்தான் இருக்கும். உட்பக்கம் லேசாகக் குழிந்திருக்கும். மூடும்போது இரண்டு அலகும் முழுதாக உரசாமல், வெட்டுகிற இடத்தில் மட்டும் தொட்டபடி நுனிவரை போவது அந்தக் குழிவினால்தான். உள் ஓரத்திலும் ஒரு சரிவு விழுந்தால் அலகுகளுக்கு நடுவே சந்து வந்துவிடும். பிறகு எத்தனை கூராக இருந்தாலும் துணி வெட்டுப்படாது, மடிந்து உள்ளே போகும்.

ஆகவே கல் படவேண்டியது வெளிச் சரிவில் மட்டும். சாய்வு மாறாமல் அடியிலிருந்து நுனிவரை ஒரே இழுப்பு. சந்தேகமென்றால் சரிவில் மார்க்கர் பேனாவைப் பூசிவிட்டு ஒருமுறை இழுத்துப் பாருங்கள். மை போகாத இடத்தில் கல் படவில்லை. கடைசியில் உட்பக்கம் பிசிறு தட்டுப்படும். பழைய பருத்தித் துணியை நாலைந்து தரம் வெட்டினால் அது உதிரும்.

அலுமினியத் தாளை வெட்டினால் கூராகும் என்பதை நம்பாதீர்கள். ஓரத்துப் பிசிறு கொஞ்சம் சரியாகும், மழுங்கிய கூர் திரும்பி வராது. வளைவு வளைவாக வெட்டும் பல் கத்தரிக்கோலை வீட்டில் தீட்டவே வேண்டாம்.

சில வேளை கூர் நன்றாகவே இருக்கும், திருகாணிதான் தளர்ந்திருக்கும். ஒரு பிடியைப் பிடித்துக்கொண்டு மற்றதை உயர்த்தி விடுங்கள். பாதிவழியில் மெதுவாக நின்றால் சரி. தடாலென்று மூடிக்கொண்டால் கொஞ்சம் முறுக்குங்கள்.

நம் மலையகப் பக்கம் பெரிய எதிரி ஈரம். மே முதல் செப்டெம்பர் வரை ஹட்டன், மஸ்கெலியா, கினிகத்தேனைப் பக்கம் துணியே காயாது, இரும்பு எம்மாத்திரம்! கறள் பிடிக்காமலிருக்கத் தேங்காயெண்ணெய் பூசுகிறார்கள். 24 பாகைக்குக் கீழே உறைகிற எண்ணெய் அது. நுவரெலியாக் காலையில் போத்தலைக் கவிழ்த்தாலும் வராது. நாட்பட்டால் பிசுபிசுத்துப் பஞ்சும் தூசியும் ஒட்டும். தையல் மெசின் எண்ணெய் ஒரு சொட்டு, திருகாணியடியில் போதும். திறந்து மூடிவிட்டு அலகுகளைத் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த வெள்ளைச் சீருடையில் கறை விழும். ஈரத்தை இழுத்து வைக்கும் தோல் உறையும் வேண்டாம்.

கடதாசிக்கு வேறு கத்தரிக்கோல் வையுங்கள். துணிக் கத்தரிக்கோலின் பிடியில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிட்டால், பாடசாலை வேலைக்குப் படம் வெட்ட வருகிற பிள்ளைகளுக்கும் அடையாளம் தெரியும்.